வீட்டுக் கணினியில் எலெக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங்: முதன்முறை செய்பவர்களுக்கு

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கையோடு பலரும் செய்வது இது: கடையில் ஒரு கன்வர்ட்டர் பின் வாங்கி, கிட்டார் கேபிளைக் கணினியின் மைக் துளையில் செருகிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சத்தம் வரத்தான் செய்தது. ஆனால் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு பேசுகிறவர் குரல் மாதிரி மங்கலாக இருந்தது. பின்னால் விடாத இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தட்டி முடித்த பிறகுதான் ஹெட்ஃபோனில் அந்தச் சுரம் வந்து சேர்ந்தது. கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்துச் சில மாதங்கள் அதைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. கிட்டார் நன்றாகத்தான் இருந்தது. செருகிய இடம்தான் தப்பு. அதை எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அதனால் இப்போது தொடங்குகிறவர்களுக்காக, எதை எதற்காகச் செய்கிறோம் என்ற காரணத்தோடு வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு செய்யும்போது நம் வேலை, கிட்டாரிலிருந்து வரும் வெறும் ஒலியைச் சுத்தமாகப் பிடிப்பது. ஆம்ப்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) உறுமல், டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு, ரிவெர்ப் என்ற எதிரொலி எல்லாவற்றையும் கணினிக்குள் பிறகு சேர்க்கலாம். நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றவும் செய்யலாம். பழைய ஸ்ட்ரிங், விலகிய சுருதி, தாளம் தப்பிய கை, அளவுமீறி உடைந்த ஒலி இவற்றை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

வாங்க வேண்டியவை

கிட்டார், கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒயர் உள்ள ஹெட்ஃபோன், ஒரு சுமாரான கணினி. ஆம்ப் கட்டாயமில்லை.

இதில் பலருக்குப் புதிதாக இருப்பது ஆடியோ இன்டர்ஃபேஸ்தான். அது ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. கிட்டாரின் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார் வகையின் பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று இருக்கும். ஸ்ட்ரிங் அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி அதிகமாக இழுத்தால், உயர் அதிர்வெண் அலைகள் முதலில் செத்துப்போகும். ஒலியின் கூர்மை போய்விடும். மின்தடை கூடினால் இழுப்பது குறையும். அதனால் கிட்டாருக்கென்று செய்த துளையின் மின்தடை 10 லட்சம் ஓம் அளவில், அதாவது ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். கணினியின் மைக் துளையில் சில ஆயிரம் ஓம்தான். நான் கேட்ட அந்தப் போர்வை மூடிய குரலுக்குக் காரணம் இதுதான்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் இந்தச் சிறு மின்சாரத்தைச் சேதமில்லாமல் வாங்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்குள் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, ஆடியன்ட் ஈவோ 4, இன்னும் குறைந்த விலையில் பெரிங்கர் யுஎம்2 போன்றவை பரவலாகப் புழங்குகின்றன. எதை வாங்கினாலும் அதில் ‘இன்ஸ்ட்’ (INST) என்றோ ‘ஹை ஸீ’ (Hi-Z) என்றோ குறித்த துளையோ பொத்தானோ இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாருக்கான துளை அதுதான். கிட்டார் மட்டும் என்றால் ஒரு துளை போதும். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் மைக்குக்கும் சேர்த்து இரண்டு துளை உள்ளதாக வாங்கிக்கொள்ளலாம். பழைய இன்டர்ஃபேஸ் யாரிடமாவது கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், ஆனால் உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேபிள் 3 மீட்டர் இருந்தால் தாராளம். நீளம் கூடக்கூட ஒலியின் கூர்மை குறையும். ஜாக்கின் நுனியில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு வளையம் இருந்தால் அது ஸ்டீரியோ கேபிள், நமக்கு வேண்டாம். ஹெட்ஃபோன் ப்ளூடூத்தாக இருக்கக் கூடாது. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலேயே ஆகிவிடும். பாட்டுக் கேட்க அது பரவாயில்லை, வாசிக்க முடியாது.

கிட்டாரைத் தயார் செய்வது

ரெக்கார்டிங்கில் பணம் குறைவாகச் செலவாகி, பலன் அதிகமாகத் தெரிவது புது ஸ்ட்ரிங் மாற்றுவதில்தான். வியர்வையும் கடற்காற்றும் படும் ஊர்களில் ஸ்ட்ரிங் சீக்கிரம் கறுத்து மந்தமாகிவிடும். விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரெக்கார்டிங்குக்கு முந்தைய நாளே மாற்றி, நன்றாக இழுத்து இழுத்துவிட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மாற்றிய உடனே வாசித்தால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது இன்டொனேஷன், அதாவது ஃப்ரெட் ஏற ஏறச் சுருதி சரியாக நிற்கிறதா என்பது. 12ஆவது ஃப்ரெட்டின் மேல் ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டான சாடிலைக் கழுத்திலிருந்து தள்ளிப் பின்னால் நகர்த்துங்கள். குறைவாகக் காட்டினால் முன்னால். இது சரியில்லாமல் எத்தனை ட்யூன் செய்தாலும் மேலே போகப்போகக் கார்டுகள் பிசகும். தனியாக வாசிக்கும்போது காது மன்னித்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக நாலு கிட்டார் ட்ராக் அடுக்கும்போது மன்னிக்காது.

ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பதிவதற்கும், முன்னால் ட்யூன் செய்யுங்கள். இது மிகை என்று தோன்றும். ஃபேன் ஓடும் அறைக்கும் ஏசி அறைக்கும் இடையே கிட்டாரை எடுத்துப் போனாலே சுருதி நகர்ந்துவிடும். நம் ஊரில் பாடகரோடு சேர்ந்து ரெக்கார்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் ‘ஒன்றரைக் கட்டை’ என்று சொன்னால் அது சி ஷார்ப், ‘இரண்டு கட்டை’ என்றால் டி. கேப்போ போடுவதா, வேறு பொசிஷனில் வாசிப்பதா என்பதை முதல் டேக்குக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இணைப்பும் தாமதமும்

இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸ் என்றால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். இந்த ஒரு வேலையைப் பலர் தாண்டிப் போகிறார்கள். விண்டோஸ் தானாகவே இன்டர்ஃபேஸைக் கண்டுகொண்டு ஒலியும் வந்துவிடுவதால், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை வாசிப்பவருக்கு ஆகாத தாமதத்தைக் கொடுக்கும். இதற்காகத்தான் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ல் ஆசியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. மென்பொருளும் இன்டர்ஃபேஸும் நடுவில் யாரும் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பாதை அது. தயாரிப்பாளர் டிரைவர் தரவில்லை என்றால் ஆசியோஃபோர்ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுச் சமாளிக்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதே வேலையைச் செய்யும் கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது.

அப்புறம் பஃபர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை, குடம் குடமாக வாங்குகிறது. குடம் நிறைந்த பிறகுதான் அடுத்த வேலை. அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரிகள் எடுக்கும்போது, 128 மாதிரி கொள்ளும் பஃபர் நிறைய 2.7 மில்லி செகண்ட் ஆகும். 1024 என்று வைத்தால் 21 மில்லி செகண்ட். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் கொஞ்சம். எல்லாம் கூட்டினால் 128ல் மொத்தம் 10 மில்லி செகண்டை ஒட்டி வரும். அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. 10 மில்லி செகண்டில் 3.4 மீட்டர். மேடையில் ஆம்ப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று வாசிப்பதுபோலத்தான், விரலுக்கு உறுத்தாது. 1024ல் வாசித்துப் பாருங்கள், கை தானாகத் தடுமாறும். தாளஞானம் இல்லையோ என்று மனம் கலங்கிவிடும். அப்படிக் கலங்க வேண்டியதில்லை, பஃபரைக் குறைத்தால் சரியாகிவிடும்.

ஆக, வாசித்துப் பதியும்போது 128 அல்லது 64. படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், 256க்கு ஏற்றுங்கள். பதிந்து முடித்து, ட்ராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது 1024 வைத்துக்கொள்ளலாம், அப்போது தாமதத்தால் நஷ்டமில்லை. சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை மாதிரி) 48 கிலோஹெர்ட்ஸ், பிட் டெப்த் (ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது) 24 என்று ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்க் கணினியைத் திணறடிப்பதால் கிட்டாருக்குக் கேட்கும்படியான லாபம் ஒன்றும் இல்லை என்பது என் அனுபவம்.

மென்பொருள்

ரெக்கார்டிங் மென்பொருளை எல்லோரும் ‘டா’ (DAW, டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்பதன் சுருக்கம்) என்பார்கள். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், கிட்டார் ஆம்ப்களும் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸிலும் லினக்ஸிலும் நான் ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் எல்லா வசதியோடும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஒரு காலத்தில் எல்லோர் கணினியிலும் பாட்டு ஓட்டிய வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் உருவாக்கினார். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும்.

ரீப்பரில் முதல் ட்ராக் இப்படி. ஆப்ஷன்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் போய், ஆடியோவின் கீழ் டிவைஸ் பக்கத்தில் ஆசியோவையும் உங்கள் இன்டர்ஃபேஸையும் தேர்ந்தெடுங்கள். ப்ராஜெக்டை முதலில் தனி ஃபோல்டரில் சேமியுங்கள். பதிகிற கோப்புகளும் அங்கேயே போய் உட்காரும். சேமிக்காமல் பதிந்தால் கோப்புகள் எங்கோ போய், பிறகு தேட வேண்டியிருக்கும். கன்ட்ரோலும் டியும் (T) சேர்த்து அழுத்தினால் புது ட்ராக் வரும். அதிலுள்ள சிவப்பு வட்டப் பொத்தானை அழுத்துங்கள், ட்ராக் பதியத் தயார். இன்புட்டை மோனோ, முதல் துளை என்று வையுங்கள். கிட்டார் மோனோ கருவி. ஸ்டீரியோ என்று வைத்தால் ஒரு காதில் மட்டும் கேட்கும், பலர் பயந்துபோவது இங்கேதான். மானிட்டரிங்கை ஆன் செய்தால் உங்கள் ஒலி ஹெட்ஃபோனில் வரும்.

இப்போது ஒலி இரட்டை இரட்டையாக, எதிரொலி மாதிரி கேட்கிறதா? இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பொத்தான் ஆன் ஆகியிருக்கும். கணினிக்குப் போகாத வெறும் ஒலி ஒன்று, கணினி வழியாக ஆம்ப் ஒலியாக வருவது ஒன்று, இரண்டும் சேர்ந்து கேட்கின்றன. அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

கெயின்

உள்ளே வரும் ஒலியை இன்டர்ஃபேஸ் எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதுதான் கெயின். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கிட்டாரின் வால்யூமை முழுக்கத் திறந்து வையுங்கள். பாட்டிலேயே நீங்கள் மிக ஓங்கி அடிக்கும் இடம் எதுவோ அதை வாசியுங்கள். வாசித்துக்கொண்டே இன்டர்ஃபேஸின் கெயினை மெல்ல ஏற்றுங்கள். ட்ராக்கின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பூஜ்யம்தான் கூரை. அதற்கு மேல் எண்களே கிடையாது.

கூரையில் இடித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். கெயினை முழுக்க ஏற்றி நாலு அடி அடித்துப் பதிந்துவிட்டு, திரையில் அந்த அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலைமுகடு மாதிரி வளைந்திருக்க வேண்டிய உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். அந்தச் சீவப்பட்ட பகுதி போனது போனதுதான். பிறகு ஒலியைக் குறைத்தாலும் தட்டை தட்டையாகவேதான் இருக்கும். இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த டேக் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் கெயினைக் குறைத்து மறுபடி வாசித்துவிடுவதே நல்லது.

சத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். 24 பிட்டில் பதியும்போது தரையில் உள்ள இரைச்சலுக்கும் கூரைக்கும் இடையே ஏராளமான இடம் இருக்கிறது. டேப்பில் பதிந்த காலத்தில்தான் முடிந்தவரை ஓங்கிப் பதிய வேண்டிய கட்டாயம் இருந்தது. கேட்பதற்குச் சத்தம் போதவில்லை என்றால் ஹெட்ஃபோன் குமிழைத் திருப்புங்கள், கெயினைத் தொடாதீர்கள்.

இரைச்சல் என்ற பேய்

வீட்டு ரெக்கார்டிங்கில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிக்கப் ஓர் ஆன்டெனா மாதிரி. ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்குவதுபோலவே, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் இது அதிகம். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து இந்த இரைச்சல் தானே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்ததுதான் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1950களின் நடுவில் உருவாக்கியது. ஹம்மை முடக்குவது என்ற பொருளில்தான் அந்தப் பெயரே.

உங்கள் கிட்டார் சிங்கிள் காயில் என்றால் இப்படிச் செய்யுங்கள். டிஸ்டார்ஷனை ஆன் செய்து, வாசிக்காமல், கிட்டாரை மடியில் வைத்தபடி நாற்காலியோடு மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறும், இன்னொரு திசையில் சட்டென்று அடங்கும். அடங்கும் இடத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் அறையில் நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் மிச்சம் கொஞ்சம்தான் கேட்கும். மானிட்டரைப் பார்த்து உட்கார்ந்தால் ‘கொர்’ரென்று இரையும். அதனால் திரையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டுதான் பதிகிறேன்.

அடுத்து, அறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஃபேன் ரெகுலேட்டர். குமிழைத் திருப்பினால் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகம் கூடும் மின்னணு ரெகுலேட்டர்கள் மின்சாரத்தின் அலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு பிக்கப்பில் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று விழும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மலிவான எல்இடி விளக்கு, போன் சார்ஜர், மேசைமேல் கிடக்கும் செல்போன், கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் இவையும் அப்படித்தான்.

என் வீட்டில் நான் எடுத்த மிகச் சுத்தமான ரெக்கார்டிங் ஒரு மின்வெட்டின்போது எடுத்தது. இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, லேப்டாப் பேட்டரியில், யுஎஸ்பியிலேயே மின்சாரம் வாங்கும் இன்டர்ஃபேஸோடு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்தேன். ஹெட்ஃபோன் மாட்டிய காதில் என் மூச்சு மட்டும் கேட்டது. அத்தனை அமைதியை அதற்கு முன் அந்த அறையில் கேட்டதில்லை. இப்போதும் முக்கியமான ட்ராக் என்றால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்பது இயல்புதான். உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சல் ஸ்ட்ரிங் வழியாக எர்த்துக்குப் போகிறது. ஆனால் தொடும்போது சுர்ரென்று மின்சாரம் உறைத்தால் அது இயல்பு இல்லை. உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இரைச்சல் குறையும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கையில் பிடித்திருக்கும் இரும்புக் கம்பிகள் எல்லாம் அந்த எர்த்தோடு இணைந்தவை. இது உயிர் விஷயம்.

ஆம்ப்பைக் கணினிக்குள் வைப்பது

வெறும் கிட்டார் ஒலி மெலிந்து, ரப்பர் பேண்டைச் சுண்டியதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ட்ராக்கின் எஃப்எக்ஸ் (எஃபெக்ட்ஸ்) பொத்தானை அழுத்தி, ஆம்ப்பைப் போலவே ஒலிக்கும் மென்பொருளான ஓர் ஆம்ப் சிமுலேட்டரைப் போடுங்கள். கிட்டார் ரிக் பிளேயர், ஆம்ப்ளிட்யூப்பின் இலவசப் பதிப்பு, இரண்டுமே தொடங்கப் போதும். இப்போது பலரும் பேசுவது நியூரல் ஆம்ப் மாடலர். ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாக, திறந்த மூலமாக வெளியிட்டது. உண்மையான ஓர் ஆம்ப் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கணினி கற்றுக்கொண்டு அதுபோலவே ஒலிக்கும். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் ஆம்ப்களை இப்படிப் பதிந்து பகிர்கிறார்கள்.

இதில் தொடக்கக்காரர்கள் விட்டுவிடும் ஒரு பாகம் ஸ்பீக்கர் பெட்டி. கிட்டார் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் வெளியே விடாது. செலஸ்டியன் வின்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற ஸ்பீக்கரின் வீச்சு 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே உள்ள பிசிறு எல்லாம் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் டிஸ்டார்ஷனை மட்டும் கேட்டால் தகர டப்பாவுக்குள் குளவிக் கூட்டம் புகுந்ததுபோல் இருக்கும். ஆம்ப் மாடல் தலைப்பகுதி மட்டும் உள்ளதாக இருந்தால், அதற்குப் பின்னால் ஓர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் லோடரைப் போட்டு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த கோப்பு ஒன்றை ஏற்ற வேண்டும். இக்னைட் ஆம்ப்ஸின் நாடிர் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆம்ப்பை மாற்றுவதைவிட ஸ்பீக்கர் கோப்பை மாற்றும்போது ஒலி அதிகம் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

டிஸ்டார்ஷனை நீங்கள் விரும்பும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். தனியாகக் கேட்கும்போது நிறைய இருந்தால்தான் நிறைவாகத் தோன்றும். ஆனால் ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அது ஒரே கூழாகிவிடும், பிக்கின் அடி எங்கே விழுந்தது என்றே தெரியாது.

கேட்பது ஆம்ப் ஒலியாக இருந்தாலும், ட்ராக்கின் எஃப்எக்ஸில் போட்ட எதுவும் கோப்பில் பதிவதில்லை. ரீப்பரில் கோப்புக்குள் போவது வெறும் கிட்டார் ஒலிதான். ஆம்ப் அதன்மேல் போட்ட சட்டை. சட்டையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இன்புட் எஃப்எக்ஸ் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது, அதில் போட்டால் மட்டும் ஆம்ப் ஒலியோடு சேர்ந்தே பதிந்துவிடும். அங்கே போடாதீர்கள்.

வாசிப்பது

மெட்ரோனோமை ஆன் செய்யுங்கள். கிளிக்கோடு வாசித்துப் பழகாதவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பாட்டின் வேகத்தில் பத்து, பதினைந்து குறைத்து வைத்து, பதியாமல் சும்மா வாசித்துப் பழகுங்கள். கிளிக் காதில் குத்தினால் அதற்குப் பதில் எளிய ட்ரம் லூப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், கை இன்னும் நன்றாக ஒட்டும்.

நாலு எண்ணிக்கை முன்னோட்டம் வைத்து, கன்ட்ரோலும் ஆரும் அழுத்திப் பதியத் தொடங்குங்கள். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். பல்லவி பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து லூப்பில் போட்டால், ஒவ்வொரு சுற்றும் தனி டேக்காக அடுக்கி வைக்கப்படும். நாலைந்து சுற்று வாசித்துவிட்டு, எது உயிரோடு இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது டேக். பத்தைத் தாண்டினால் தப்பு குறையும், ஆனால் கை அலுத்துப்போனது காதுக்குத் தெரியும்.

1940களில் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில் ஒரே ஆளாகப் பல கிட்டார்களை அடுக்கிப் பதிந்தார். ஒரு பகுதியை டிஸ்கில் (இசைத்தட்டில்) வெட்டி, அதை ஓடவிட்டுக் கூடவே வாசித்து இரண்டையும் சேர்த்து அடுத்த டிஸ்கில் வெட்டுவார். நடுவில் ஒரு சுரம் தப்பினால் அந்த அடுக்கு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். நமக்கு ஒரு பொத்தானில் பின்னால் போக முடிகிறது.

ரிதம் கிட்டார் அகலமாக, இரண்டு காதையும் நிறைத்துக் கேட்க வேண்டும் என்றால் அதே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றொன்றை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். ஒரு டேக்கையே நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் இது நடக்காது. இரண்டும் அச்சு ஒன்றுபோல இருப்பதால் காது அதை நடுவில் உள்ள ஒரே கிட்டாராகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு முறை வாசிக்கும்போது கையில் வரும் கடுகளவு வித்தியாசம்தான் அந்த அகலத்தைக் கொடுக்கிறது. ஆனால் வித்தியாசம் கடுகளவாகவே இருக்க வேண்டும், அதற்குத்தான் கிளிக்.

ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு

1965லிருந்து விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்57 மைக் ஒன்று போதும். ஸ்பீக்கர் துணிக்கு ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள். நடுக் குமிழுக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும், ஓரத்தை நோக்கி நகர்த்த நகர்த்த மென்மையாகும். வாசிப்பு மாறாமலிருக்க ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் ஹெட்ஃபோனோடு மைக்கை அரை அரை அங்குலமாக நகர்த்துங்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் அடுக்குமாடியில் ஆம்ப்பை உரக்க வைக்க முடியாது என்றால் மேலே சொன்ன கணினி வழியே போதும்.

முடித்து அனுப்புவது

மிக்ஸில் கிட்டாருக்கு முதலில் செய்ய வேண்டியது அடித்தளத்தைக் கொஞ்சம் சீவுவது. ஆறாவது ஸ்ட்ரிங்கைச் சும்மா தட்டினால் வரும் ஈ சுரம் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளது கை உரசலும் மேசை அதிர்வும்தான், அதனால் கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். பேஸ் கிட்டார் இருக்கிற பாட்டென்றால் 100 வரைகூட ஏற்றலாம். ரிவெர்ப் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு கொஞ்சம் குறைத்துவிடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பிடித்த பிறகு, செல்போன் ஸ்பீக்கரிலும் யாராவது ஒருவரின் கார் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். ரீப்பரில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றும் சேர்த்து அழுத்தினால், முடிந்த பாட்டைக் கோப்பாக்கித் தரும் ரெண்டர் பெட்டி வரும். வேவ் கோப்பாக 24 பிட்டில் ஒன்று, நண்பர்களுக்கு அனுப்ப எம்பி3 ஒன்று.

கடைசியாக, ஆம்ப் எதுவும் சேராத அந்த வெறும் கிட்டார் ட்ராக்குகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, பாட்டின் வேகம், ட்யூனிங், எந்தப் பிக்கப் என்பதை எழுதிவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுமாரான ஆம்ப் சிமுலேட்டரோடு நான் பதிந்த ட்ராக்கை அண்மையில் திறந்து, இப்போதைய மாடல் ஒன்றின் வழியே ஓடவிட்டேன். அன்று வாசித்த அதே கை, அதே அடி. முதல் கார்டு விழுந்ததும் பக்கத்து அறையிலிருந்து அம்மா, ‘புதுசா எடுத்தியா?’ என்று கேட்டார்.